விட்டல் நாகேஷ் சிரோட்கர்

விட்டல் நாகேஷ் சிரோட்கர் (ஏப்ரல் 27, 1899 - மார்ச் 7, 1971) இந்தியாவைச் சேர்ந்த மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் ஆவார். கருவுற்ற நான்காம் மாதத்திற்கும் ஏழாம் மாதத்திற்கும் இடையில் மீண்டும் மீண்டும் குழந்தையை இழக்கும் பெண்களுக்காக இவர் உருவாக்கிய கருப்பை வாய்த் தையல், சிரோட்கர் தையல் என்ற பெயரில் உலகெங்கும் மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. இத்தையலை எப்படி இடுவது என்பதைவிட யாருக்கு இடுவது என்ற கேள்வியே மருத்துவர்களை இன்றளவும் சிந்திக்க வைத்து வருகிறது. அக்கேள்விக்கு சிரோட்கர் தொடக்கத்திலேயே கண்டிப்பானதொரு விடையை வைத்திருந்தார்.

பிறப்பும் கல்வியும்

சிரோட்கர் அன்று போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்த கோவாவில் சிரோடா என்னும் ஊரில் பிறந்தார். ஊர்ப்பெயருடன் 'கர்' என்னும் ஈறு சேர்த்துக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது கொங்கணி, மராத்தி மக்களிடையே உள்ள வழக்கமாகும். மங்கேசி என்ற ஊரிலிருந்து மங்கேஷ்கர் என்ற பெயர் வந்ததும் இவ்வாறே. பள்ளிக் கல்வியை ஹூப்ளியில் முடித்த சிரோட்கர், மருத்துவம் பயில பம்பாய் சென்றார். 1845ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1923இல் எம்.பி.பி.எஸ். பட்டமும், 1927இல் மகப்பேற்றியலில் எம்.டி. பட்டமும் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று 1931இல் எப்.ஆர்.சி.எஸ். தகுதியை அடைந்தார்.

நாடு திரும்பியபின் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் மதிப்புறு மருத்துவராகப் பணியாற்றினார். 1940இல் தாம் படித்த கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலேயே மகப்பேற்றியல் பேராசிரியரானார்.

அக்கால நிலை

கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்பவை. கருவிலேயே உள்ள மரபணுக் கோளாறுகள் இவற்றுக்கு முக்கியக் காரணமாகும். நான்காம் மாதத்திற்குப் பின் நிகழும் இழப்பு வேறு வகையானது. குழந்தை நலமாக வளர்ந்துகொண்டிருக்கும். தாய்க்கு வலி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். கருப்பையின் வாய் ஓசையின்றிச் சுருங்கித் திறந்துகொள்ள, பனிக்குடம் வெளியே பிதுங்கி உடைந்துவிடும். அதன்பின் சிறிது நேரத்திலேயே, உயிர் பிழைக்க இயலாத பருவத்தில் குழந்தை பிறந்துவிடும். வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். அடுத்த கருவிலும் இதுவே நிகழக்கூடும்.

இத்தகைய பெண்களுக்கு 1950களில் மருத்துவர்கள் தந்தவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று படுக்கை ஓய்வு, மற்றொன்று இயக்குநீர் (ஹார்மோன்) மருந்துகள். படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்குத் தக்க சான்று இன்றுவரை இல்லை. ஆனால் அதன் விலை பெரிது. காஞ்சிபுரம், வாலாஜாபாத் பகுதிகளில் தறிக்கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில் நான்கைந்து மாதங்கள் ஒருவர் படுத்தே இருப்பது என்பது வெறும் மருத்துவ அறிவுரை மட்டும் அன்று என்பதை எளிதில் உணரலாம். இயக்குநீர் மருந்துகளைப் பொறுத்தவரை, கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவில் ஏராளமான பெண்களுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோசன் கொடுக்கப்பட்டது. அது பயனற்றது என்று 1953இல் சிகாகோவில் நடந்த ஆய்வு காட்டிய பின்னரும் அதன் பயன்பாடு நிற்கவில்லை.

கருப்பை வாயின் தளர்ச்சியை அறுவை மூலம் சரிசெய்யும் முயற்சிகள் சிரோட்கருக்கு முன்பே இருந்தன. சிகாகோவைச் சேர்ந்த லாஷ் என்னும் பெயருடைய இருவர் 1950இல் ஒரு முறையை வெளியிட்டனர். ஆனால் அது கருவுறாத காலத்தில், வாயின் தளர்ந்த பகுதியை வெட்டியெடுத்துத் தைப்பதாகும். கருவைச் சுமந்துகொண்டிருக்கும்போதே அறுவை செய்யத் துணிந்ததுதான் சிரோட்கரின் வேறுபாடு.

1955ஆம் ஆண்டுக் கட்டுரை

ஓய்வும் இயக்குநீரும் எவ்வளவு கொடுத்தாலும் சில பெண்களுக்கு நான்காம் மாதத்திற்கும் ஏழாம் மாதத்திற்கும் இடையில் கரு தங்குவதில்லை என்பதை சிரோட்கர் கண்டார். குறை கருவில் இல்லை, கருப்பை வாயின் உட்பகுதியான உள்வாயில் உள்ளது என்று அவர் முடிவு செய்தார். அவ்விடத்தைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டுப் பிரசவம் வரை தாங்கச் செய்வதே அவர் கண்ட தீர்வாகும்.

தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்ற இம்முறை முதலில் அச்சேறியது இலண்டனிலோ நியூயார்க்கிலோ அன்று, சென்னையில்தான். மருத்துவர் யூ. ராமராவ் 1904இல் சென்னையில் தொடங்கிய ஆன்டிசெப்டிக் என்னும் மருத்துவ இதழின் 52ஆம் தொகுதியில், 1955ஆம் ஆண்டில் சிரோட்கரின் கட்டுரை வெளியானது. கருப்பை வாய்த் தையல் குறித்து எந்நாட்டில் ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் மேற்கோள் பட்டியலில் இச்சென்னை இதழின் பெயர் வருவதைக் காணலாம்.

அக்கட்டுரையில் நுட்பத்தைப் போலவே முக்கியமானது அவர் வகுத்துக்கொண்ட எல்லையாகும். குறைந்தது நான்கு முறை கருவை இழந்த பெண்களுக்கு மட்டுமே அவர் இவ்வறுவையைச் செய்தார். அவர்களுள் சிலர் ஒன்பது முதல் பதினொரு முறை வரை இழந்தவர்கள். அத்துடன், மீண்டும் மீண்டும் உட்பரிசோதனை செய்து உள்வாய் தளர்ந்திருப்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே தையல் இட்டார். அப்போது கருவி வழியே உள்ளே பார்க்கும் வசதி இல்லை. விரல்களே அளவுகோல்.

அறுவை முறை

சிரோட்கர் முறையில், பெண்ணுறுப்பின் உட்சுவர் கருப்பை வாயுடன் சேரும் இடத்தில் முன்புறம் ஒரு கீறல் இடப்படும். சிறுநீர்ப்பை கருப்பை வாயின் முன்பகுதியோடு ஒட்டியிருப்பதால் அதனைப் பிரித்து மேலே தள்ளினால்தான் உள்வாயின் மட்டத்தை அடைய முடியும். பின்புறமும் ஒரு கீறல் இடப்படும். பிறகு சளிச்சவ்வின் அடியில் இருபுறமும் ஊசியைச் செலுத்தி, வாயைச் சுற்றி ஒரு பட்டையைக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுவர். கீறல்கள் மூடப்படும்போது பட்டை உள்ளே புதைந்துவிடும்.

தொடக்கத்தில் இப்பட்டைக்கு சிரோட்கர் நோயாளியின் உடலிலிருந்தே பொருள் எடுத்தார். தொடையின் வெளிப்புறத் தசைகளை மூடியுள்ள உறுதியான சவ்விலிருந்து ஒரு நாடாவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினார். இதற்குத் தொடையில் இன்னொரு காயம் வேண்டியிருந்தது. பிற்காலத்தில் மெர்சிலீன் எனப்படும் 5 மில்லிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் நாடா அதன் இடத்தைப் பிடித்தது.

1957இல் ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரைச் சேர்ந்த இயன் மக்டொனால்டு 70 பெண்களிடம் செய்த எளிய முறை ஒன்றை வெளியிட்டார். இதில் சிறுநீர்ப்பையைப் பிரிப்பதில்லை. சுருக்குப் பையின் வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதுபோல், கருப்பை வாயைச் சுற்றி நான்கைந்து இடங்களில் ஊசியைக் குத்தி நூலை இறுக்கி முடிச்சிடுவர். குருதி இழப்பு குறைவு, பிரிப்பதும் எளிது. ஆகவே இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் இடப்படுவது மக்டொனால்டு தையலே. வாய் மிகக் குறுகியோ முன்பே கிழிந்தோ இருந்தால் உயரத்தில் கட்டும் சிரோட்கர் முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது. பென்சன், டர்ஃபீ ஆகியோர் 1965இல் வயிற்றைத் திறந்து இன்னும் மேலே கட்டும் முறையை விவரித்தனர். கீழ்வழித் தையல் இட்டும் கருவை இழந்தவர்களுக்கு வயிற்றுவழித் தையலே மேலானது என்பதை 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. 32 வாரங்களுக்கு முன் பிரசவித்தோர் வயிற்றுவழித் தையல் பெற்றவர்களில் 8 விழுக்காடு. வழக்கமான கீழ்த்தையல் பெற்றவர்களில் 33 விழுக்காடு. வயிற்றுவழித் தையல் இட்டவர்களுக்கு அறுவைப் பிரசவம் கட்டாயமாகிறது.

யாருக்குத் தையல் வேண்டும்?

முறை எளிதானதும் அது பரவியது. சிரோட்கர் வைத்த நான்கு இழப்பு என்ற எல்லை பல இடங்களில் மூன்றாக, இரண்டாக, ஒன்றாகக் குறைந்தது. தையல் இட்ட பெண் முழுமாதக் குழந்தையைப் பெற்றால் தையலே காரணம் என்று கொள்ளப்பட்டது. தையல் இல்லாமலும் அவள் பெற்றிருக்கக்கூடும் என்பதை எவ்வாறு அறிவது? ஒரு முறை குறைப்பிரசவம் ஆனவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை எந்தச் சிகிச்சையும் இன்றியே நல்லபடியாகப் பெற்றெடுக்கின்றனர். ஒப்பிட ஒரு குழு இல்லாதவரை எந்தத் தையலும் வெற்றி பெற்றதாகவே தோன்றும்.

இதற்கு விடை காணப் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றமும் அரச மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கல்லூரியும் இணைந்து 12 நாடுகளில் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி 1993இல் முடிவை வெளியிட்டன. தையல் வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவரே ஐயுற்ற 1292 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டு, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 33 வாரங்களுக்கு முன் பிரசவித்தோர் தையல் குழுவில் 13 விழுக்காடு, மற்றக் குழுவில் 17 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ 25 பேருக்குத் தையல் இட்டால் ஒருவருக்குப் பயன் கிடைக்கிறது. மற்ற 24 பேர் மயக்க மருந்தையும் அறுவையையும் வீணே ஏற்கின்றனர். பிரசவத்திற்குப் பின் காய்ச்சல் வரும் வாய்ப்பும் தையல் குழுவில் இரு மடங்காக இருந்தது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இழந்த பெண்களைத் தனியே பார்த்தபோது 15 விழுக்காட்டுக்கு எதிராக 32 விழுக்காடு என வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வு, விரல்களை மட்டும் நம்பிய சிரோட்கரின் எல்லைக்கு அருகே வந்து சேர்ந்தது வியப்புக்குரியது.

அப்படியானால் ஒன்றோ இரண்டோ முறை இழந்தவர் என்ன செய்வது? மூன்றாவது இழப்பு வரை காத்திரு என்று எந்தத் தாயிடமும் சொல்ல இயலாது. இவ்விடத்தில் மீயொலி வருடல் (ஸ்கேன்) உதவிக்கு வந்தது. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி 24ஆவது வாரத்தில் கருப்பை வாயின் சராசரி நீளம் 35 மில்லிமீட்டர். நீளம் குறையக் குறையக் குறைப்பிரசவ ஆபத்து படிப்படியாகக் கூடுகிறது. எனவே வாயை 'நல்லது', 'தளர்ந்தது' என இரண்டாகப் பிரிப்பது சரியன்று என்பதும் புலப்பட்டது. முன்பு குறைப்பிரசவம் ஆன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை மற்றோர் அமெரிக்க ஆய்வு (2009) தொடர்ந்து அளந்து பார்த்தது. வாய் 25 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கிய 302 பேர் மட்டுமே குலுக்கலில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலானவர்களுக்கு வாய் சுருங்கவே இல்லை, அவர்களுக்குத் தையல் தேவைப்படவும் இல்லை. சுருங்கியவர்களில் தையல் பெற்றோரிடையே குழந்தை இறப்பு 8.8 விழுக்காடு, பெறாதோரிடையே 16 விழுக்காடு.

இவற்றின் அடிப்படையில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இழப்பு உள்ளவர்களுக்கு முதல் மூன்று மாத முடிவிலேயே தையல் இடலாம் என்றும், மற்றவர்களை அளந்து கண்காணித்து 24 வாரங்களுக்குள் வாய் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தையல் இடலாம் என்றும் பிரித்தானியக் கல்லூரியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. அமெரிக்க வழிகாட்டி சற்றுத் தாராளமானது. வலியின்றி வாய் திறந்து ஏற்பட்ட இழப்பு ஒன்றே இருந்தாலும் அது தையலை அனுமதிக்கிறது. இரு நாட்டு வல்லுநர்களும் ஒரே சான்றுகளை வைத்துக்கொண்டு வேறுபடுகின்றனர். ஆகவே ஒரே பெண்ணுக்கு இரு மருத்துவர்கள் இரு விதமாகச் சொன்னால் அவர்களில் ஒருவர் அறியாதவர் என்று பொருளன்று. முந்தைய இழப்பின்போது முதலில் வந்தது வலியா, குருதியா, நீரா, அது எத்தனையாவது வாரம் என்ற விவரங்களே இம்முடிவில் பெரும் பங்கு வகிக்கின்றன. பழைய மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைப்பது இதற்கு மிகவும் உதவும்.

கருப்பை சுருங்கி வலி தொடங்கிவிட்டாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, தொற்று இருந்தாலோ தையல் இடுவதில்லை. முன்னர் இழப்பு எதுவும் இல்லாமல் வாய் மட்டும் குறுகியிருப்பவர்களுக்குப் பொதுவாக முதலில் புரோஜெஸ்டிரோன் மருந்தே தரப்படுகிறது. கீழ்வழித் தையல் பொதுவாக 36 முதல் 37 வாரங்களில் பிரிக்கப்படுகிறது. தையல் இருக்கும்போது இடுப்பு வலி, நீர்க்கசிவு, குருதிப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரிக்காமல் பிரசவ வலி முற்றினால் கருப்பை வாய் கிழிந்துவிடக்கூடும்.

பிற பணிகள்

கருப்பை இறக்கம் உள்ள இளம் பெண்களுக்குக் கருப்பையை அகற்றாமல், அதனை நாடாவால் முதுகெலும்பின் அடிப்பகுதியுடன் இணைத்துத் தாங்கச் செய்யும் அறுவையையும் சிரோட்கர் உருவாக்கினார். அடைபட்ட கருக்குழாய்களைச் சீராக்கும் அறுவையிலும் ஈடுபட்டார். இவரது அனுபவங்கள் மகப்பேற்றியலுக்கும் மகளிர் நோயியலுக்கும் பங்களிப்புகள் என்ற பொருள்படும் தலைப்பில் 1960இல் எடின்பரோவில் ஆங்கில நூலாக வெளிவந்தன.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு இவருக்கு 1960இல் பத்ம பூசண் விருதும் 1971இல் பத்ம விபூசண் விருதும் வழங்கியது. அதே 1971ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று சிரோட்கர் தமது 71ஆம் அகவையில் காலமானார்.

அடுத்த மாதமே, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் உட்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த மகள்களிடம் அரிய வகைப் புற்றுநோய் காணப்படுவதாக அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர். ஆண்டு முடிவதற்குள் கருவுற்ற பெண்களுக்கு அம்மருந்தைத் தரக்கூடாது என அந்நாட்டு அரசு எச்சரித்தது. அம்மகள்களுள் பலருக்குக் கருப்பை வாய் பிறவியிலேயே உருக்குறைந்து தளர்ந்திருந்தது. வளர்ந்து தாங்களும் கருவுற்றபோது அவர்களில் சிலருக்குக் கருப்பை வாய்த் தையல் இடவேண்டி வந்தது.