கரோல்பாக் சாலைக்குப் பெயர் தந்த ஹக்கீம்

கரோல்பாக் அஜ்மல்கான் சாலையில் பேரம் பேசி ஸ்வெட்டர் வாங்காத தில்லித் தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். அந்தப் பெயருக்குரியவர் ஒரு மூலிகை வைத்தியர்.

ஹக்கீம் அஜ்மல்கான் 1868-இல் தில்லியில், பரம்பரை யுனானி வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். பல்லிமாரானில் உள்ள ஷரீஃப் மன்சில்தான் வீடு. அங்கே வரும் ஏழைகளுக்கு இலவச வைத்தியம்; வெளியூர் ராஜாக்கள் அழைத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்பார்கள். நியாயமான கணக்குத்தான்!

நாட்டு வைத்தியர்களை ஒதுக்கும் சட்டத்துக்கு பம்பாய் அரசு முனைந்தபோது, 1910-இல் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் ஒன்றுசேர்த்து எதிர்த்தார். எதிர்ப்போடு நிற்கவில்லை. மறுவருஷமே ஐரோப்பா சென்று ஆஸ்பத்திரிகளைப் பார்த்துவந்தார். கரோல்பாக்கில் அவர் நிறுவிய திப்பியா கல்லூரிக்கு 1916-இல் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரியில் காந்திஜி திறந்துவைத்தார். ஆயுர்வேதம், யுனானி இரண்டும் அங்கே ஒரே கூரையின்கீழ். அவ்வாண்டு இறுதியில் சி.ஆர். தாஸ் சிறையிலிருந்ததால் ஆமதாபாத் காங்கிரஸுக்கும் இவரே தலைமை வகித்தார்.

முன்னோர் சொன்னது என்பதற்காக மட்டும் மூலிகையை ஏற்கக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த ஆராய்ச்சிக்கென்று, ஜெர்மனியில் ரசாயனம் படித்த சலீமுஸ்ஸமான் சித்திக்கியைத் தேர்ந்தெடுத்தார். பலனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1927 டிசம்பர் 29-இல் காலமானார்.

1931-இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு சித்திக்கி 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். இருதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறிய மேல்நாட்டு டாக்டர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.