காணாத காட்டை வரைந்தவர்

ராபின் ஹூட் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பச்சை உடை, கையில் வில், முதுகில் அம்புகள். ஷெர்வுட் காட்டில் தோழர்களோடு வாழ்ந்து, ஏழைகளுக்கு உதவியவன் அவன். பல நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து மக்கள் பாடிய கதைப்பாடல்களில் பிறந்தவன். அந்தப் பாடல்களைக் கோத்து, சிறுவர்களுக்கு அழகிய படப் புத்தகமாகத் தந்தவர் ஹோவர்ட் பைல். அவர் ஓர் அமெரிக்கர். வேடிக்கை என்ன தெரியுமா? ஷெர்வுட் காட்டை அவர் பார்த்ததே இல்லை!

1853ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள வில்மிங்டன் நகரில் பைல் பிறந்தார். தந்தை தோல் வியாபாரி. தாய்க்குக் கதைகள் என்றால் உயிர். மகனுக்குப் பழங்கதைகளைப் படித்துக் காட்டுவார். பள்ளியில் பாடத்தைவிடப் படம் வரைவதிலேயே பைலின் கவனம் இருந்தது. பெற்றோர் கோபித்துக் கொள்ளவில்லை. பிலடெல்பியாவில் ஓர் ஓவிய ஆசிரியரிடம் சேர்த்துவிட்டார்கள்.

1876இல் பிழைப்புத் தேடி நியூயார்க் சென்றார். பத்திரிகைகள் அவருடைய யோசனைகளை விலைக்கு வாங்கின. ஆனால், அச்சில் வர வேண்டிய படத்தை அனுபவமுள்ள வேறு ஓவியர்தான் வரைவார். இது பைலுக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

ஒருநாள் அவர் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். கடலில் கப்பல் ஆபத்தில் சிக்கிய செய்தியை ஒருவர் ஓடிவந்து மீட்புக்குழுவினரிடம் சொல்வதுபோல் ஒரு காட்சி. இந்தப் படத்தை நானே முடிப்பேன் என்று ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில் அனுமதி கேட்டார். வாரக்கணக்கில் அதே வேலைதான். கையிலிருந்த பணம் கரைந்தது. படத்தைக் கொடுத்துவிட்டு, முடிவு தெரிந்துகொள்ளப் பயந்து பயந்து போனார். படம் தேறியது! 1878இல் இரண்டு பக்க அளவில் பெரிதாக வெளியானது. அதன்பின் வேறு யாரும் அவர் படத்தைத் திருத்தி வரைய வேண்டியிருக்கவில்லை.

சொந்த ஊர் திரும்பிய பைல், சிறுவயதில் கேட்ட கதைகளைக் கையில் எடுத்தார். 1883இல் ராபின் ஹூட் புத்தகம் வந்தது. எழுத்தும் அவருடையது, படமும் அவருடையது. பக்க ஓரத்து அலங்காரங்களைக்கூட அவரே வரைந்தார்.

பழைய பாடல் ஒன்றில், தன்னை ஏமாற்றிய வனக்காவலர்கள் 15 பேரை ராபின் கொன்றுவிடுவான். பைல் அதை மாற்றினார். அவர் கதையில் காவலன் ஒருவன் முதலில் அம்பு எய்கிறான். ராபின் திருப்பி எய்த அம்பில் அவன் இறந்து போகிறான். ஓர் உயிரைப் பறித்துவிட்டோமே என்று ராபின் மனம் நோகிறான். வில்லில் வென்றவனுக்கும் இரக்கம் வேண்டும் என்று பைல் நினைத்தார்.

1889இல் அவர் வாழ்வில் பெரிய துயரம் வந்தது. மனைவியோடு ஜமைக்கா தீவுக்குப் போயிருந்தபோது, ஊரில் இருந்த அவருடைய சின்ன மகன் இறந்துவிட்டான். கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியவில்லை. நிலவுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பதாகக் கற்பனை செய்து, 1895இல் ஒரு கதைப் புத்தகம் எழுதினார். அதை அந்தச் சிறுவனுக்கே காணிக்கையாக்கினார்.

பின்னர் 1903 முதல் 1910 வரை, ஆர்தர் மன்னரின் கதையை நான்கு பெரிய புத்தகங்களாக எழுதி வரைந்தார்.

வில்மிங்டனில் ஓவியப் பள்ளியும் நடத்தினார். கற்றுத்தர அவர் கட்டணம் வாங்கவில்லை. மாணவர்களுக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: வரையும் காட்சிக்குள் நீங்களே போய் நிற்க வேண்டும், அங்கே மழை பெய்தால் நீங்கள் நனைய வேண்டும். காணாத காட்டை அவர் வரைந்த ரகசியமும் இதுதான்!

பழைய சுவரோவியங்களைப் பார்த்துப் படிக்க 1910இல் இத்தாலி சென்றார். ஐரோப்பாவில் அவர் கால் வைத்தது அதுவே முதல்முறை. திரும்பி வரவில்லை. 1911ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, ஃபிளாரன்ஸ் நகரில் 58ஆவது வயதில் காலமானார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவருடைய மாணவர் என்.சி. வையத், 1917இல் ராபின் ஹூட்டுக்கும் ஆர்தர் மன்னருக்கும் புதிய படங்கள் வரைந்தார். குருவின் தூரிகையைச் சீடர் கையில் எடுத்துக்கொண்டார்.

குழந்தைகளே! உங்கள் பாட்டி சொன்ன கதை ஒன்று நினைவிருக்கிறதா? ஒரு தாளை எடுங்கள். கண்ணை மூடி அந்தக் கதைக்குள் ஒருமுறை போய் வாருங்கள். பிறகு வரையத் தொடங்குங்கள்.