மாணாக்கர் இறுத்த கடன்

உ. வே. சாமிநாதையரைச் சங்க நூல்களின் பதிப்பாசிரியராகவே நாம் போற்றுகின்றோம். எனக்கோ அவருடைய மாணாக்க நிலையே பெரிதாகத் தோன்றுகின்றது.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. புலமையிற் செல்வரான அப்பெரியார், கடன்தொல்லையோடு வாழ்ந்து, 1876ஆம் ஆண்டு திருவாவடுதுறையில் மறைந்தார். அப்போது மாணாக்கருக்கு இருபத்தொரு வயதும் நிரம்பவில்லை.

பின்னர் ஐயருக்குப் புகழ் தந்த சீவக சிந்தாமணியோ புறநானூறோ ஆசிரியரிடம் பாடங் கேட்டவை அல்ல. அவர் கற்பித்தவை பெரும்பாலும் புராணங்களும் பிரபந்தங்களுமே. பிறராயின், ஆசிரியரைக் கடந்துவிட்டதாக இறுமாந்திருப்பர். ஐயரோ எழுபத்தெட்டாம் வயதில், 1933இல், ஆசிரியர் சரித்திரத்தின் முதற் பாகத்தையும், மறு ஆண்டு இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். தம் வரலாற்றை எழுதப் புகுந்தது அதன் பின்னரே. அது முற்றுப்பெறுமுன் 1942இல் காலமானார். தம் கதை குறையாக நின்றது. ஆசிரியர் கதையோ முன்னரே நிறைவெய்தியிருந்தது.

பிள்ளையவர்களின் தலபுராணங்களை இன்று படிப்பார் சிலரே. ஆயினும், அவர் பாடியதும் வருந்தியதும் நம் கண்முன் நிற்பது அம்மாணாக்கராலேயே.

எனக்குத் தமிழறிவித்தவர் முதுமையெய்தி ஊரில் இருக்கின்றார். அவருக்கு எழுத எண்ணிய கடிதம் பல்லாண்டுகளாக என் மனத்திலேயே கிடக்கின்றது. இதனை முடித்ததும் அதனைத் தொடங்குவேன்.