கருவும் நிய்யத்தும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு பாடம்

 

கருவில் உயிர் எப்போது தொடங்குகிறது? ரூஹ் ஊதப்படுவது 120 நாட்களுக்குப் பிறகு என்பது ஆலிம்களில் பெரும்பாலோரின் கருத்து. சிலர் 40 நாட்களை ஒட்டி என்பார்கள். அப்படியானால் அதற்கு முன் கலைத்தால் என்ன என்று நம் நெய்வேலி டவுன்ஷிப்பிலும் கேட்பவர்கள் உண்டு. இதற்கு 900 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவைத்தார் ஒரு பெரியவர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், ஈரானின் தூஸ் நகரில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார்கள். நைஸாபூரில் இமாம் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்று, 1091இல் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியரானார்கள். ஊரே கொண்டாடியது. ஆனால், தம் நிய்யத் அல்லாஹ்வுக்காகத்தானா என்ற கேள்வி அவர்களை உலுக்கியது. பாடம் நடத்த நாவே எழவில்லை. 1095இல் பதவியைத் துறந்து திமிஷ்க், பைத்துல் முகத்தஸ் என்று பயணமானார்கள். அந்தக் காலத்தில் உருவானதுதான் இஹ்யா உலூமித்தீன். 1111இல் தூஸிலேயே வஃபாத்தானார்கள்.

அந்த நூலின் திருமணப் பகுதியைப் பாருங்கள். கரு தரிக்காமல் தடுக்கும் அஸ்லை இமாம் அனுமதிக்கிறார்கள். கரு தரித்த பின்போ, அதை அழிப்பது முதல் கட்டத்திலேயே குற்றம். கரு வளர வளரக் குற்றமும் வளரும். ரூஹ் ஊதப்பட்ட பின் இன்னும் கடுமையாகும். வியாபாரத்தில் ஒருவர் முன்மொழிந்து மற்றவர் ஏற்கும்வரை விலகலாம், ஏற்ற பின் விலகுவது ஒப்பந்தத்தை முறிப்பதாகும் என்று உவமை தருகிறார்கள்.

தம் நிய்யத்தையே விசாரித்தவர் பெற்றோரின் நிய்யத்தை விடுவாரா? பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காக்க அஸ்ல் செய்வதை ஏற்கிறார்கள். பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அஞ்சிச் செய்வதைக் கெட்ட நிய்யத் என்கிறார்கள். தரிக்காத கருவுக்கே இப்படியென்றால், தரித்த கருவை ஸ்கேனில் பார்த்துப் பெண் என்று கலைப்பது என்னவாகும்?

இது தூரத்துக் கதை அல்ல, சகோதரர்களே. 2011 கணக்கெடுப்பில் நம் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 900 பேர்கூட இல்லை. கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் இந்த நிலை.

தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவரிடமும் ஆலிமிடமும் தயங்காமல் கேளுங்கள். மற்ற நேரத்தில், நாட்களை எண்ணுவதற்கு முன் உங்கள் நிய்யத்தைக் கேளுங்கள். மருமகளிடம் ஆண் பிள்ளை கேட்டு நச்சரிக்காதீர்கள். பெண் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் துஆ செய்யுங்கள்.

அல்லாஹ் நம் நிய்யத்தைச் சீராக்குவானாக! ஆமீன்.