மேரி சார்லீப்

மேரி ஆன் டேக்கம் சார்லீப் (ஜூன் 18, 1845 – நவம்பர் 21, 1930) ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் ஆவார். சென்னை எழும்பூர் அரசு மகப்பேற்று மருத்துவமனையில் பேறுகாலப் பணி கற்கும் மாணவியாகத் தொடங்கி, சென்னை மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவரானார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண்மணியும் ஆனார். சென்னை மக்கள் நெடுங்காலம் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கிய, இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை இவரது முயற்சியால் உருவானதாகும்.

பிறப்பும் இளமையும்

மேரி இலண்டனில் வில்லியம் கேண்ட்லர் பேர்டு என்பவரின் மகளாகப் பிறந்தார். இவர் பிறந்த சில நாட்களுக்குள் தாயார் இறந்துவிட்டார். ஆகவே மான்செஸ்டர் நகரில் பாட்டன் பாட்டியின் கண்டிப்பான சமயச் சூழலில் வளர்ந்தார். சட்டம் பயின்று சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் செய்யவிருந்த வில்லியம் மேசன் சார்லீப்பை 1865 டிசம்பரில் மணந்து, அடுத்த ஆண்டு கணவருடன் சென்னை வந்து சேர்ந்தார். இவர்களுக்கு இரு ஆண் மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். கணவர் நடத்திய சட்ட இதழ்ப் பணியிலும் மேரி துணை நின்றார்.

சென்னையில் கேட்டவை

கணவரின் அலுவலக எழுத்தர்கள் வாயிலாகவே மேரி அந்நகரப் பெண்களின் பேறுகாலத் துன்பங்களை அறியலானார். உயர்குடி இந்துப் பெண்களும் கோஷா முறையைக் கைக்கொண்ட முசுலிம் பெண்களும் ஆண் மருத்துவர் முன் வருவதில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் வீட்டுக்கு வரும் பரம்பரை மருத்துவச்சியே அவர்களுக்குக் கதி. மருத்துவச்சிகள் யாவரும் அறியாதவர் என்று கொள்வது நியாயமன்று. இயல்பான பிரசவங்களை அவர்களுள் பலர் நன்றாகவே பார்த்தனர். ஆனால் பிரசவம் இயல்பு தவறும்போது செய்யத்தக்கது எதுவும் அவர்கள் கையில் இல்லை. தலைநகரின் நிலையே இதுவாயின், அன்று வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பள்ளிப்பட்டு போன்ற தொலைவூர்களின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

எழும்பூரில் பயிற்சி

இவர்களுக்கு உதவ வேண்டுமெனில் தாமே தொழிலைக் கற்க வேண்டும் என்று மேரி துணிந்தார். சென்னை அரசு மகப்பேற்று மருத்துவமனை 1844 இல் தொடங்கப்பட்டது. தற்போதுள்ள பாந்தியன் சாலை வளாகத்துக்கு அது பின்னரே, 1880களின் தொடக்கத்தில், மாறியது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு 1854 இலேயே இசைவளித்திருந்தது. இங்கு 1871 இல் மேரி மாணவியாகச் சேர்ந்து ஓராண்டு பயின்றார். அப்போது இவருக்கு வயது இருபத்தாறு. வழக்கறிஞர் ஒருவரின் மனைவி, குழந்தைகளின் தாய், பிரசவ விடுதியில் பணி கற்க வந்தது அக்கால ஐரோப்பியர் சமூகத்தில் வியப்புக்குரிய செய்தியே.

பேறுகாலச் செவிலியின் பணி நூலால் மட்டும் வருவதன்று. வயிற்றின் மீது கை வைத்துப் பிள்ளையின் தலை எப்புறம் உள்ளது என்று அறிதல், மெய்யான நோவையும் பொய் நோவையும் பிரித்துணர்தல், அவசரப்படாமல் காத்திருத்தல், தலை வெளிப்படும்போது தசை கிழியாதவாறு தாங்குதல், தொப்புள்கொடியைக் கட்டி அறுத்தல், நஞ்சு முழுமையாக வெளிவந்ததா என்று விரித்துப் பார்த்தல் ஆகியவை பல பிரசவங்களை உடனிருந்து கண்ட பின்னரே கைவரும். நஞ்சின் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பை சுருங்காது. சிறிது நேரத்திலேயே தாய் இரத்தமிழந்து இறக்கக்கூடும். புதிய மாணவி முதலில் அஞ்சக் கற்பது இதனையே.

பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் மற்றோர் அச்சம். நலமாகப் பெற்றெடுத்த தாய்க்கு இரண்டு மூன்று நாட்களில் குளிர் கண்டு காய்ச்சல் ஏறும், பலர் பிழைப்பதில்லை. பரிசோதிப்போரின் கைகளே அதனைப் பரப்புகின்றன என்று வியன்னாவில் செம்மல்வைசு 1847 இலேயே காட்டியிருந்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்து அங்கே இறப்பை வெகுவாகக் குறைத்தார். லிஸ்டர் 1867 இல் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். எனினும் மேரி பயின்ற காலத்தில் இவை உலகெங்கும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை.

ஓராண்டுப் பயிற்சி மேரிக்குத் தொழிலைத் தந்ததுடன் அதன் எல்லையையும் காட்டியது. இயல்பான பிரசவத்தைப் பார்க்க மருத்துவச்சி போதும். ஆயுதம் இட்டுப் பிள்ளையை எடுக்கவும், அறுவை செய்யவும், மற்ற நோய்களுக்கு மருந்தளிக்கவும் மருத்துவர் தேவை. அந்த மருத்துவரும் பெண்ணாக இருந்தாலன்றித் திரைக்குப் பின்னால் இருப்பவளிடம் செல்ல இயலாது.

சென்னை மருத்துவக் கல்லூரி

எடின்பரோவில் மருத்துவம் பயின்ற சோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலிய பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கில் 1873 இல் தோற்றனர். இரண்டே ஆண்டுகளில், 1875 இல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது. இதற்கு ஆதரவாக நின்றவர் தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபர்; இந்தியா பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. மேரியுடன் மேலும் மூன்று பெண்கள் சேர்ந்தனர். கல்லூரியில் அனைவரும் இவர்களை வரவேற்றனர் என்று சொல்ல முடியாது. பெண்களுக்குக் கற்பிக்க விரும்பாத ஆசிரியரும் இருந்தனர். மேரி 1878 இல் மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகியவற்றில் உரிமச் சான்று பெற்றார்.

இலண்டனும் வியன்னாவும்

அதே ஆண்டில் குழந்தைகளுடன் இங்கிலாந்து திரும்பி, பெண்களுக்கான இலண்டன் மருத்துவப் பள்ளியில் மீண்டும் மாணவியானார். மெலிந்த உடல்வாகு கொண்ட இவரால் இப்பணியைத் தாங்க முடியுமா என்று எலிசபெத் காரெட் ஆண்டர்சன் முதலில் ஐயுற்றார். இலண்டன் பல்கலைக்கழகம் 1878 இல் தன் பட்டங்களைப் பெண்களுக்கும் வழங்க முன்வந்திருந்தது. மேரி 1882 இல் மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார். இவரும் ஈடித் ஷோவும் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்கள் ஆவர். செம்மல்வைசின் கூற்று ஒருகாலத்தில் புறக்கணிக்கப்பட்ட அதே வியன்னாவில் பின்னர் மகப்பேற்று அறுவை முறைகளைக் கற்றார். விக்டோரியா மகாராணியைச் சந்தித்து இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைக்கும் வாய்ப்பும் இவருக்குக் கிட்டியது.

கோஷா ஆஸ்பத்திரி

மேரி 1883 இல் சென்னை திரும்பினார். தாம் பயின்ற மருத்துவக் கல்லூரியிலேயே மகப்பேற்று மருத்துவத்தின் விரிவுரையாளராகவும் தேர்வாளராகவும் பணியாற்றினார். பெண்களே நடத்தும் மருத்துவமனை ஒன்று 1885 இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப்பின் மனைவியார் இதற்குத் துணைநின்றார். உயர்சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான அரச விக்டோரியா மருத்துவமனை என்பது அதன் பெயர். பெயரிலேயே சாதி இடம்பெற்றது இன்று உறுத்தலாம். ஆயினும் வேறெந்த மருத்துவமனைக்கும் வர மறுத்தவர்களுக்காகவே அது ஏற்பட்டது என்பதை மறக்கலாகாது. வேங்கடகிரி அரசர் ஒரு இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். மருத்துவமனை 1890 இல் சேப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதற்குள் மேரி சென்னையை விட்டு நீங்கியிருந்தார். உடல்நலம் குன்றியதால் 1887 இல் இங்கிலாந்து சென்ற அவர் மீண்டும் சென்னையில் பணிபுரியவில்லை. இங்கேயே தங்கிவிட்ட கணவர் 1891 இல் காலமானார்.

பிற்காலம்

இலண்டனில் 1888 இல் எம்.டி. பட்டம் பெற்றார். பெண்களுக்கான புதிய மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும், 1902 முதல் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் பெண் நோய் மருத்துவராகவும் பணியாற்றினார். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வாழும் பெண்களுக்கான உடல்நல நூல் ஒன்றை 1895 இல் எழுதினார். தன்வரலாறு 1924 இல் வெளிவந்தது. பிரித்தானிய அரசு 1926 இல் டேம் பட்டம் வழங்கியது. 1930 இல் இலண்டனில் காலமானார்.

நினைவு

இவர் பணி கற்ற எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனையிலேயே, 1912 இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி முதல் பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்றார். திருவல்லிக்கேணி மருத்துவமனைக்கு 1948 இல் கஸ்தூர்பா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் முதியோர் பேச்சில் அது கோஷா ஆஸ்பத்திரியாகவே நிலைத்தது.