பாரதியைக் கைது செய்யாமலே அவரது பத்திரிகையை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது எப்படி?

மகாகவி பாரதியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் போலீஸ் அவரைப் பின்தொடர ஆரம்பித்தது கவிதைக்காக அல்ல, பத்திரிகைக்காக. 38 வயதில் முடிந்துபோன அந்த வாழ்க்கையில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒற்றர்களின் கண் பார்வையிலேயே கழிந்தது.

ஒரே ஆண்டு, இரண்டு தொடக்கம்

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1904 இறுதியில் சென்னைக்கு வந்து ஜி.சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். மனதில் பட்டதை முழுசாக எழுத அங்கே இடம் போதவில்லை. 1906 மே மாதம் மண்டயம் குடும்பத்தினர் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் அந்த இடத்தைக் கொடுத்தது. அரசை நேரடியாக விமர்சிக்கும் கட்டுரைகளோடு அரசியல் கார்ட்டூனும் வந்தது. அப்போது தமிழ் இதழ்களில் அது புதுசு.

சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. போலீஸ் பிரிவு உருவானதும் அதே 1906-ல்தான்.

எழுதியது ஒருவர், சிறை சென்றது இன்னொருவர்

1867-ம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, பத்திரிகையை அச்சிட்டு வெளியிடுபவர் யார் என்று அரசிடம் பெயர் கொடுத்தாக வேண்டும். 'இந்தியா'வுக்காகக் கொடுக்கப்பட்ட பெயர் மு.சீனிவாசன். பத்திரிகையை நடத்தியது பாரதி என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் காகிதத்தில் அவர் பெயர் இல்லை.

1908-ல் வ.உ.சிதம்பரனாருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்து ஆகஸ்டில் பத்திரிகைகள் பக்கம் அரசு திரும்பியது. சீனிவாசன் ராஜ துரோக வழக்கில் கைதாகி 5 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். சுப்பிரமணிய ஐயரும் கைதானார். அடுத்தது தான்தான் என்ற நிலையில், நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குக் கிளம்பினார். சென்னையிலிருந்து அங்கே போகும் ரயில் பாதை தாம்பரம், பொத்தேரி, செங்கல்பட்டு, விழுப்புரம் வழிதான். பொத்தேரியில் இறங்கும் கல்லூரி மாணவர்கள் இன்று தினமும் பார்க்கும் அதே தடம்.

பத்திரிகையை விட்டார்கள், தபாலைப் பிடித்தார்கள்

1908 அக்டோபரிலேயே புதுச்சேரியிலிருந்து 'இந்தியா' மறுபடி வெளிவந்தது. பிறகு 'விஜயா' நாளிதழும் வந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தைப் பூட்ட பிரிட்டிஷ் அரசுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் வாசகர்கள் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். இதழ்கள் போய்ச் சேர தபாலை விட்டால் வேறு வழியில்லை. அந்த வழியைத்தான் அரசு அடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ்கள் நுழையத் தடை வந்ததும் சந்தா வருமானம் நின்றது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது. மற்ற இதழ்களும் அடுத்தடுத்து நின்றன. அப்போது பாரதிக்கு வயது 27.

அதற்குப் பிறகும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. வந்துபோகிறவர்களைக் குறித்துக்கொள்ள சி.ஐ.டி. ஆட்கள் புதுச்சேரியில் வீடு எடுத்தே தங்கினார்கள். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பின் கெடுபிடி இன்னும் இறுகியது. அதே ஆண்டு பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரண்டு நூல்களும் தடை செய்யப்பட்டன. ஒன்று சுயசரிதைக் கவிதை, மற்றொன்று சிறுகதை!

கிணற்றில் கிடைத்த ஜாடி

கண்காணிப்பு வெறும் வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை. வ.வே.சு.ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒருநாள் ஒரு ஜாடி சிக்கியது. உள்ளே அரசுக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள். அகதிகளை மாட்டிவிட யாரோ போட்ட பொறி அது. அதை ஒளித்து வைக்காமல் நேராக பிரெஞ்சு போலீஸிடம் ஒப்படைக்கச் சொன்னவர் பாரதி. பிறகு பாரதி, அரவிந்தர் வீடுகளில் சோதனை நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு ஐந்து பிரமுகர்களின் கையெழுத்து வேண்டும் என்று புது விதி வந்தபோது, கலவை சங்கர செட்டியார் அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார்.

24 நாள் சிறை, அதன் பிறகு நிபந்தனை

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். 24 நாள் காவலுக்குப் பின், அன்னி பெசன்ட், சி.பி.ராமசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால் விடுதலை. ஆனால் சும்மா விடவில்லை. எதை எழுதினாலும் வெளியிடும் முன் சி.ஐ.டி. அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விட்டார்கள். மனைவியின் ஊரான கடையத்தில் அந்த நிபந்தனைக்குள் வாழ்ந்தார். 1920-ல் அது நீங்கியதும், தொடங்கிய இடமான 'சுதேசமித்திர'னுக்கே திரும்பினார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார்.

அவர் இறந்த பிறகும் அரசு விடவில்லை. 1928-ல் அவருடைய தேசபக்திப் பாடல் தொகுப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. சென்னை சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதை எதிர்த்து வாதாடினார்.

அந்தச் சட்டங்கள் இப்போது?

ராஜ துரோகப் பிரிவான 124-ஏ-வை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் 152-வது பிரிவு இருக்கிறது. தபாலை இடைமறிக்க 1898 அஞ்சல் சட்டம் தந்த அதிகாரம், 2023-ன் புதிய அஞ்சல் சட்டத்திலும் தொடர்கிறது.

பாரதியைப் பற்றி அன்றைய போலீஸ் எழுதிய ரகசிய அறிக்கைகளை இன்று ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகங்களில் படிக்கிறார்கள். தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருந்தது என்று பாரதிக்குக் கடைசிவரை தெரிய வாய்ப்பில்லை. அவர் எழுதியதற்காகச் சிறைக்குப் போன சீனிவாசனின் பெயரோ, பாரதியைக் கொண்டாடும் மேடைகளில் அதிகம் கேட்பதில்லை.