நீரிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

என் தந்தையார் எங்கள் ஊர்க் கழிமுகத்தில் படகு ஓட்டுபவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் நீரின் மேல் தோன்றும் சுழிப்பைக் கண்டே, அடியில் மணல் திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். சென்ற ஆண்டு விண்ணப்பத் தாளில் தந்தையின் தொழிலை எழுதக் கூசினேன். அதே ஆண்டில் ரெனால்ட்ஸ் எண்ணை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த எண்ணுக்கும் அந்தச் சுழிப்புக்கும் உள்ள உறவை, அந்த மேதையின் வரலாற்றைப் படித்த பின்பே உணர்ந்தேன்.

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1842ஆம் ஆண்டு அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். 1861இல் ஓர் இயந்திரப் பட்டறையில் சேர்ந்து தொழில் பழகினார். அங்கே கண்ணெதிரே நிகழ்பவற்றுக்குக் காரணம் அறியக் கணிதம் வேண்டும் என்று உணர்ந்து, கேம்பிரிட்ஜ் சென்று 1867இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, தமது 25ஆம் வயதில், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானார். அதற்கடுத்த ஆண்டு இளம் மனைவியை இழந்தார். துயரிலும் பணியைக் கைவிடவில்லை. எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சன் இவரிடம் பயின்றவரே.

1883இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளியது. கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். நீர் மெதுவாக ஓடியபோது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. வேகம் மிகுந்ததும் நூல் அறுந்து, சுழல்களாகிக் குழாய் முழுதும் பரவியது. வேகம், குழாயின் விட்டம், நீரின் அடர்த்தி, பாகியல் ஆகியவற்றைச் சேர்த்த ஒரே எண்ணால் இம்மாற்றத்தை அறியலாம் என்று காட்டினார். அதுவே நாம் படிக்கும் ரெனால்ட்ஸ் எண்.

பின்னர் கழிமுகத்தையே ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். மான்செஸ்டருக்குக் கப்பல் கால்வாய் வெட்டுவது பற்றிப் பெரும் விவாதம் நடந்த காலம் அது. மெர்சி ஆற்றின் கழிமுகத்தை ஒரு தொட்டியில் அமைத்தார். நீள அகலங்கள் 31,800இல் ஒரு பங்கு. ஆழம் 960இல் ஒரு பங்கு. உண்மைக் கடலில் ஓர் ஏற்றவற்றத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். தொட்டியிலோ ஏறக்குறைய 40 விநாடிகள்தாம். தட்டையாகப் பரப்பிய மணலில் நீர் ஏறி இறங்க, மெர்சியில் உள்ளவை போன்றே திட்டுகளும் ஓடைகளும் தாமாக உருவாயின!

இன்று இப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. கழிமுகத்தை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் வேகத்தையும் மட்டத்தையும் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சிறு சுழலையும் கணக்கிட எக்கணிப்பொறியாலும் இயலாது. வேகத்தைச் சராசரி, ஏற்றத்தாழ்வு என இரண்டாகப் பிரிக்கும் வழியை 1895இலேயே ரெனால்ட்ஸ் வகுத்தளித்தார். கணிப்பொறிக் காலத்திற்கு அரை நூற்றாண்டு முன்பே இட்ட அடித்தளம் அது. கணக்கு முடிந்த பின்னும், ஆற்றில் அளந்த அளவோடு ஒத்துப் பார்த்தே அதை ஏற்கிறார்கள். இறுதித் தீர்ப்பு நீருடையதே.

உடல்நலம் குன்றி 1905இல் ஓய்வு பெற்ற அப்பெருமகனார், 1912இல் வாட்செட் என்னும் கடலோர ஊரில் மறைந்தார்.

மாணவத் தோழர்களே! பட்டறையில் பழகியதை அவர் பல்கலைக்கழகத்தில் மறக்கவில்லை. கண்ணால் கண்டதற்கே கணிதத்தைத் தேடினார். என் தந்தையார் கண்ணால் அறிந்ததை நான் கணக்கால் அறியக் கற்கிறேன். இரண்டும் ஒரே நீரைப் பற்றியவை. இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில், படகோட்டி என்று தெளிவாக எழுதினேன்.